நாலாம் நிபந்தனையும் தண்ணீர்ப் பவுசரும்

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரைப் பார்த்து, "உங்கள் கடமையை ஒழுங்காகச் செய்யுங்கள்" என்று நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். பாவம், மனுசன் செய்துவிட்டார். அதனால் வந்த சேதத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.சி. சோதனை பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். (கடைசி ஆளும் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு மூளை ஒரு வம்சத்துக்கு இரண்டு தரம் கிடைக்காது என்று எண்ணம்.) முடிவு வந்த நாளிலிருந்து நீளக் காற்சட்டையும் சட்டைப் பையில் ஒரு பேனாவும் இல்லாமல் படலை தாண்டியதில்லை. பேனாவில் மை இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் கரைவலைக்காரர்கள். தோணியில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கக் கயிறுகளையும் முப்பது பேர் இரண்டு அணியாகக் கரையில் நின்று இழுக்கிற தொழில். இரண்டு பேருக்கும் பொதுவாக, திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு காணி கிடந்தது. அதை ஆறு துண்டாகப் பிரித்து ஒரு துண்டை அக்காவுக்குச் சீதனமாக எழுதுவது என்று பேச்சு. மாப்பிள்ளை நடராசா, எங்கள் பகுதிச் சபையின் தண்ணீர்ப் பவுசர், அதாவது தாங்கி லொறி, ஓட்டுகிறவர். மாதச் சம்பளம், பென்சன், வெற்றிலை போடாத வாய். இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளையில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய தாயார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்:

"காணி பிரிச்சதைச் சபை ஒத்துக்கொண்ட கடதாசியைக் கண்ணால கண்டாப் பிறகுதான் நாங்கள் கூறைச் சேலை எடுப்பம். அது வராட்டில், குறை நினையாதையுங்கோ, வேற இடமும் கேட்டு வந்திருக்கினம்."

கலியாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சபைக் கந்தோரில் போய்க் கேட்டபோது ஒரு தட்டச்சுக் கடதாசியைத் தந்தார்கள். புதிதாகக் காணி பிரிக்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலைகள், இலக்கம் போட்டு, முழுவதும் ஆங்கிலத்தில். அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து அதை வாசித்தேன். கோயிலில் புராணம் படிப்பது போல ஒரு வரி ஆங்கிலம், பிறகு அதற்குத் தமிழில் பயன். அப்பா, சித்தப்பா, வலை இழுக்கிற ஆட்கள் எல்லோரும் மணலில் இருந்து கேட்டார்கள். முடித்ததும் பின்னுக்கு இருந்த ஒருவர் பழக்கதோசத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் நிபந்தனை, நடுவில் இருபது அடி அகலத்தில் றோட்டு. சித்தப்பாவுக்கு நெஞ்சு வலித்தது.

"எடேய், நாங்கள் காணி பிரிக்கிறமோ, றோட்டுப் பிரிக்கிறமோ?"

"சட்டம் சித்தப்பா."

"இருபது அடியில ஆர் வரப்போறான்? ஆனையோ?"

இரண்டாவது, மழைத் தண்ணீர் ஓட றோட்டின் இரண்டு பக்கமும் கல் கட்டின கான். மூன்றாவது, பிரதான வீதியின் கானைக் கடக்கிற இடத்தில் மதகு. நாலாவது, றோட்டு முடிகிற இடத்தில் மோட்டார் வாகனம் திரும்பக்கூடிய வட்டம். ஐந்தாவது, தண்ணீர்க் குழாய் ஒன்று. ஆறாவது, லைற் போஸ்ட் நட இடம்.

எங்கள் ஊர் மணலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதில் மழை விழுந்தால் விழுந்த இடத்திலேயே காணாமல் போகும். தண்ணீர் தேங்கி ஓடுவதை அந்தக் காணியில் ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் நான் விடவில்லை. காலையில் வலை இழுத்துவிட்டு வந்த மனிதர்களைப் பின்னேரம் கான் வெட்ட வைத்தேன். அவர்கள் வெட்டிக்கொண்டு முன்னுக்குப் போக, காற்று பின்னுக்கு வந்து மூடிக்கொண்டு போயிற்று. பிறகு முருகைக் கல் அடுக்கினோம். தென்னங்குற்றிகளை அடுக்கி மதகு போட்டோம். குழாய்க்காக நான் சபைக்குப் பதினொரு கடிதம் எழுதினேன். பதினோராவது கடிதத்தில், தாகத்தால் நாகரிகங்கள் அழிந்த வரலாற்றை ஒன்றரைப் பக்கத்தில் விளக்கியிருந்தேன். அதை வாசிக்கிற சிரமத்திலிருந்து தப்புவதற்காகவே குழாய் தந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தண்ணீர் வந்த அன்று அப்பா குழாய்க்குச் சந்தனம் பூசிக் கர்ப்பூரம் கொளுத்தினார். அக்கா முதல் குடத்தைப் பிடித்தாள்.

கடைசியாக அந்த வட்டம். நாலாவது நிபந்தனை. அதற்கு மணலுக்கு மேல் சரளைக் கிரவல் போட வேண்டும். கிரவல் முடிந்துகொண்டு வந்தது.

"தம்பி, இது காணாது. கீழ வெறும் குருமணல்," என்றார் அப்பா.

"எத்தனை அங்குலம் எண்டு கடதாசியில இல்லை அப்பா."

அப்பா கடதாசிக்கு மரியாதை கொடுக்கிறவர். மண்வெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார். நான் கிரவலை மெல்லிசாகப் பரப்பினேன். பாணுக்கு ஜாம் பூசுகிற மாதிரி. பார்வைக்கு வட்டம் அச்சாவாக இருந்தது. சைக்கிளில் மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். தாங்கியது.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, சபையின் வேலை மேற்பார்வையாளர், ஓவசியர், பார்வையிட வந்தார். வெள்ளைக் காற்சட்டை, கழுவின சப்பாத்து, சைக்கிளின் பின்னால் கட்டின தோல் பை. காலை ஒன்பதரை மணி. நாடா பிடித்து றோட்டை அளந்தார், சரி. கானை எட்டிப் பார்த்தார், சரி. மதகில் ஏறி ஒரு தரம் துள்ளினார், சரி. குழாயைத் திறந்து கை கழுவி முகம் கழுவி, "நல்ல தண்ணி" என்றார். அப்பா செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். ஓவசியர் அதைக் குடித்துவிட்டு, கதிரையில் இருந்து, படிவத்தை மடியில் வைத்து, பேனாவைத் திறந்தார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"ஐயா, நாலாவது நிபந்தனை?"

"என்ன தம்பி நாலாவது?"

"வாகனம் திரும்புற வட்டம். நீங்கள் திருப்பிப் பாக்கேல்லையே."

"நான் சைக்கிளில போய்த் திரும்பி வந்தனான்தானே."

"கடதாசியில மோட்டார் வாகனம் எண்டு கிடக்கு ஐயா."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. சித்தப்பா வானத்தைப் பார்த்தார். ஓவசியர் பேனாவை மூடினார்.

"இத்தனை வருசத்தில ஒருத்தரும் என்னட்டை இப்பிடிக் கேட்டதில்லை, ஐசே."

"சட்டப்படி எல்லாம் ஒழுங்காச் செய்தால்தானே ஐயா, நாளைக்கு ஒரு கதை வராது?" என்றேன் நான். (ஆங்கிலத்திலும் ஒரு தரம் சொன்னேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.)

அந்த நேரம் பார்த்துப் பிரதான வீதியில் தண்ணீர்ப் பவுசர் வந்தது. தினமும் பத்து மணிக்கு வந்து, எங்கள் காணிக்கு நேரே இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகும். ஆடு கலைக்கத்தான் என்று நான் நம்பியிருந்தேன். வேலிக்குப் பின்னால் அக்கா ஏன் அந்த நேரத்தில் தினமும் உடுப்புக் காயப் போடுகிறாள் என்று யோசிக்கும் அளவுக்கு எஸ்.எஸ்.சி.யில் சொல்லித் தரவில்லை.

ஓவசியர் எழும்பிப் போய்க் கையைக் காட்டினார். நடராசா இறங்கி வந்து அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டார்; வேலிப் பக்கம் பார்க்காமல் பார்த்தார்.

"நடராசா, இதுக்குள்ள விட்டு அந்த வட்டத்தில ஒருக்காத் திருப்பிக்கொண்டு வாரும்."

"ஐயா, பள்ளிக்கூடத்துக்குப் போற தண்ணி. முட்ட நிறைஞ்சிருக்கு. மணல் தாங்குமோ?"

"தாங்கும்!" என்றேன் நான். ஓவசியர் அல்ல, அப்பா அல்ல, நான்.

பவுசர் மதகைத் தாண்டி, இருபது அடி றோட்டில் ராசா மாதிரிப் போய், வட்டத்தில் முக்கால்வாசி திரும்பியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது. பின் சில்லுகள் இரண்டும் அச்சு வரைக்கும் கீழே போயின. நடராசா மிதித்தார். சில்லுச் சுற்றிக் கிரவல் முழுவதும் பறந்து ஓவசியரின் வெள்ளைக் காற்சட்டையில் வந்து ஒட்டியது. நான் போட்டிருந்த கிரவல் எவ்வளவு என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு காற்சட்டைக்குக் கணக்காக இருந்தது.

"தண்ணியைத் திறந்துவிட்டால் பாரம் குறையும்," என்றார் நடராசா.

"பள்ளிக்கூடத் தண்ணியைக் கொட்ட ஏலாது!" என்றார் ஓவசியர்.

சித்தப்பா, மீன் நிறைந்த வலைப் பையான மடியைப் பார்க்கிற மாதிரி, பவுசரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மடி பெரிசாத்தான் கிடக்கு," என்றார். "இழுத்தாச் சரி."

வலை திருத்திக்கொண்டிருந்த முப்பது பேரும் கடற்கரையிலிருந்து ஓடி வந்தார்கள். பவுசரைப் பின்பக்கமாகப் பிரதான வீதிக்கு இழுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு கயிறு போதும். ஆனால் வலைக்கு இரண்டு கயிறு. ஆகவே பவுசருக்கும் இரண்டு கயிறு கட்டினார்கள். வலக்கயிற்றில் பதினைந்து பேர், இடக்கயிற்றில் பதினைந்து பேர். நடராசா உள்ளே இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பக்கக் கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது முழுவதும் பெண் வீட்டார்.

சித்தப்பா வலை இழுக்கிற அம்பாப் பாட்டு எடுத்தார். அந்த நேரத்தில் வாயில் வந்ததைப் பாடுவதில் அவருக்கு நிகர் இல்லை.

"தண்ணி வண்டி வந்ததடா..."

"ஏலேலோ!"

"தங்கச் சில்லு தாழ்ந்ததடா..."

"ஏலேலோ!"

"மருமோனை உள்ள வைச்சு..."

"ஏலேலோ!"

"மாமன்மார் இழுக்கினமே..."

பவுசர் அசைந்தது. கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கூட, பார்த்தீர்களா, நிபந்தனை நாலு பாஸ் என்று ஓவசியரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு விசயம் நடந்தது.

ஒன்று, கரைவலையில் மடி நெருங்க நெருங்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நோக்கி நடக்கும். வலையின் வாய் மூடவேண்டும், இல்லாவிட்டால் மீன் போய்விடும். பிறந்த நாள் தொட்டு அப்படி இழுத்துப் பழகிய கால்கள். றோட்டிலும் அப்படியே நடந்தன. இடது அணி பலமான அணி. ஆகவே பவுசரின் பின்பக்கம் இடது பக்கம் சாய்ந்து, குழாய் நிற்கிற பக்கத்துக் கானுக்குள் இறங்கியது. இரண்டு மாதம் அடுக்கிய முருகைக் கல் முறுக்கு நொறுங்குகிற சத்தத்தோடு போயிற்று.

இரண்டு, நான் கத்தினேன்.

"நிப்பாட்டுங்கோ! குழாய்! குழாய்!"

மடி கரைக்கு வருகிற நேரம் கரையில் நிற்கிற சனம் முழுவதும் கத்தும். கத்தினால் இன்னும் கெதியாக இழு என்று அர்த்தம். எங்கள் கடற்கரையில் 'நிப்பாட்டு' என்று கத்துகிற வழக்கமே இல்லை. நிப்பாட்டினால் மீன் போய்விடும் அல்லவா? நான் கத்தக் கத்த அவர்கள் இழுத்தார்கள். அவர்கள் இழுக்க இழுக்க நான் கத்தினேன். ஓவசியர் புத்தியாக ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துப் பார்த்தார். முப்பது பேரோடு அவரும் பின்னால் போனார். ஒரு சப்பாத்துக் கானில் நின்றுவிட்டது.

பவுசர் குழாயைப் பிடுங்கியது. தண்ணீர் தென்னை வட்டு உயரத்துக்கு எழும்பியது. கடைசியாக மதகில் ஏறித் தென்னங்குற்றிகளை நாலு பக்கமும் உருட்டிவிட்டு, பிரதான வீதியில் பத்திரமாக வந்து நின்றது. ஒரு சிராய்ப்பு இல்லை.

"கரை சேர்ந்தது!" என்று சித்தப்பா கூவினார். முப்பது பேரும் ஆரவாரம் செய்தார்கள். பிறகு திரும்பிப் பார்த்தார்கள். ஆரவாரம் ஒவ்வொருவராக நின்றது.

ஓவசியர் ஒரு காலில் சப்பாத்தோடு வந்து கதிரையில் இருந்தார். படிவத்தை எடுத்தார். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார்.

"கான், இல்லை. மதகு, இல்லை. குழாய்..." குழாய்த் தண்ணீர் அந்தப் படிவத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. "இல்லை. வட்டம்..." என்னைப் பார்த்தார். "குழி."

அப்பா தலைப்பாகையை அவிழ்த்தார். போய் உடைந்த குழாயின் வாயில் தன் தலைப்பாகைத் துணியை அடைத்துக்கொண்டு குந்தியிருந்தார். தண்ணீர் அவர் விரல் இடுக்கால் பீறிக்கொண்டிருந்தது. மூன்று கிழமையில் கூறை எடுக்க வேண்டும். கடதாசி இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் தாயார் சொன்னது சொன்னதுதான். வேலிக்குப் பின்னால் உடுப்புக் காயப் போடுகிற சத்தமும் நின்றுவிட்டது.

அப்போது நடராசா பவுசரிலிருந்து ஒரு கொப்பியோடு இறங்கி வந்தார். தலை நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"ஐயா, ஓட்டப் புத்தகத்தில என்ன எழுதுறது?"

"எதை எழுதுறது?"

"வண்டி எங்க போனது, என்னத்துக்குப் போனது எண்டு எழுத வேணுமே. சபை ஒத்துக்கொள்ளாத தனியார் றோட்டுக்குள்ள பவுசர் போகக் கூடாது. போனால் ஆர் விட்டது எண்டு கேப்பினம்."

"ஆர் விட்டது?"

"நீங்கள்தான் ஐயா."

"எனக்குத் தெரியும் ஐசே!"

ஓவசியரின் பேனா நின்றது. உடைந்த கானைப் பார்த்தார், பவுசரைப் பார்த்தார், தன் ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு நனைந்த படிவத்தைக் கசக்கிப் பைக்குள் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார்.

"நான் ஒன்பதரைக்கு வந்தனான்."

"ஓம் ஐயா," என்றார் அப்பா, குந்தியபடி.

"ஒன்பதரைக்குக் கான் இருந்தது?"

"ஓம் ஐயா!" இந்தத் தரம் முப்பது பேர்.

"மதகு, குழாய்?"

"ஓம் ஐயா!"

"வட்டத்தில வாகனம் திரும்பினது. திரும்பினதோ இல்லையோ?"

"முக்கால்வாசி," என்றேன் நான்.

"திரும்பினது!" என்றார் சித்தப்பா.

"அப்ப ஒன்பதரைக்கு இது சரியான றோட்டு. சரியான றோட்டுக்குள்ளதான் பத்து மணிக்குப் பவுசர் வந்தது. உடைஞ்சதை ஒரு கிழமைக்குள்ள கட்டித் தர வேணும்." கையெழுத்து வைக்கக் குனிந்தார்.

வாசகர்கள் என்னை மன்னிக்கவேண்டும். அந்த நேரத்திலும் என் சட்டப் புத்தி சும்மா இருக்கவில்லை.

"ஆனால் ஐயா, நீங்கள் கையெழுத்து வைக்கிற நேரம் இப்ப பதினொரு..."

"எடேய் தம்பி! வாயைப் பொத்தடா!"

குரல் வேலிக்குப் பின்னாலிருந்து வந்தது. பெண் பேச்சு முடிந்து நாலு மாதமாகியும் மாப்பிள்ளை காதில் அக்காவின் குரல் ஒரு தரமும் விழுந்ததில்லை. முதல் முதல் விழுந்தது இதுதான். பனை மரத்திலிருந்த காகங்கள் எழும்பிப் போயின. நடராசா வேலிப் பக்கம் திரும்பினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். ஓவசியர் கையெழுத்தை வைத்துவிட்டார்.

கானும் மதகும் குழாயும் ஒரு கிழமையில் திரும்ப எழும்பின. நடராசா தினமும் வேலை முடிந்து வந்து கல் அடுக்கினார். அவர் அடுக்கிய பக்கம் வேலியோரப் பக்கமாகவே இருந்தது. வட்டத்துக்கு ஒன்பது வண்டில் கிரவல் போட்டோம். பரப்பும்போது என்னைக் கிட்ட விடவில்லை.

ஆனால் இன்னொன்று மிச்சம் இருந்தது. கரைவலையில் கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் பிடிபட்டதில் பங்கு உண்டு. வழியால் போனவன் இரண்டு முழம் இழுத்தாலும் பங்கு. அதை மறுக்கிற வலைக்காரனின் வலைக்கு அடுத்த நாள் ஆள் வராது. ஆகவே அடுத்த நாள் விடிய வலையில் பட்ட பாட்டில் (ஒரு தர இழுவையைப் பாடு என்போம்) அப்பா ஒரு பாரை மீனை ஓலையில் சுற்றி, சபைக் கந்தோருக்குக் கொண்டுபோனார். துணைக்கு நான்.

"இதென்ன ஐசே, கந்தோருக்குள்ள?" ஓவசியர் வெளிறிப் போனார். கந்தோர் முழுவதும் பார்த்தது. "லஞ்சமோ?"

"சீச்சீ. ஐயாட பங்கு. ஐயாவும் கயிறு இழுத்தனீங்கள்தானே."

"நான் நிப்பாட்டத்தான் இழுத்தனான்!"

"எந்தப் பக்கம் இழுத்தாலும் பங்கு பங்குதான் ஐயா."

நான் உதவி செய்ய நினைத்தேன். இது லஞ்சம் அல்ல, வழக்கம் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வந்திருந்தேன். அதை உரத்து வாசித்து, காணிக் கோவையில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என்னை வெளியே அனுப்புவதற்கு வேறு வழி தெரியாமல் ஓவசியர் மீனை வாங்கிக்கொண்டார்.

கலியாணம் சொன்ன நாளில் நடந்தது. அன்று வலைக்காரர் முப்பது பேரும் மணவறையடியில் வந்து நின்று, பவுசரும் மாப்பிள்ளையும் ஒரே இழுவையில் பட்டதால் மாப்பிள்ளையிலும் தங்களுக்குப் பங்கு உண்டு என்று வழக்குப் பேசினார்கள். அப்பா தீர விசாரித்து, ஓம் என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் அமுலில் இருக்கிறது. அத்தான் பென்சன் எடுத்து வருசமாகிவிட்டது. சைக்கிளில் சந்தைக்குப் போய் ஒரு கட்டு மரவள்ளி வாங்கி வந்தாலும், ஒழுங்கையில் யாராவது ஒரு கிழவர் மறித்து, "எங்கட பங்கு?" என்று கேட்பார். அக்கா ஏசத் தொடங்கினால் அத்தான் பயப்படுவதே இல்லை.

"இஞ்ச பார். என்னை இழுத்தது முப்பது பேரும் ஓவசியரும். நீ கயிற்றில கை வைக்கவே இல்லை. உன்ர தகப்பன் பாவம் பாத்து உனக்கு ஒரு பங்கு போட்டவர். அந்தப் பங்குக்கு மட்டும் ஏசு."

அக்கா விடமாட்டாள். "என்ர பங்கு வாய்ப் பங்கு. அண்டைக்கு நான் வாய் திறக்காட்டி நீங்கள் இண்டைக்கு ஆற்ர வீட்டில ஏச்சு வாங்குறீங்களோ?"

நான் அந்தப் பக்கம் இருந்தால் இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஏனென்றால் கடதாசியை வாசித்தவன் நான், பதினொரு கடிதம் எழுதியவன் நான், பவுசரைக் கூப்பிட வைத்தவனும் நான். ஆனால் கயிற்றில் கை வைக்காமல் கரையில் நின்று கத்தியவன். கரைவலை வழக்கப்படி எனக்கு அத்தானில் ஒரு செதில்கூடக் கிடையாது.